இரண்டு மறைப்புகள்



"வெறும் மூலிகைதான், பக்க விளைவே கிடையாது" என்ற சொல் ஒலிக்காத இல்லம் நம்மிடையே அரிது. எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர் மூட்டுவலியால் நெடுநாள் நாற்காலியில் அமர்ந்தே தொழுது வந்தார். ஊர் ஊராக வரும் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய சூரணத்தை உட்கொண்ட இரண்டாம் நாளே எழுந்து நடந்தார். நாங்கள் வியந்தோம். சில மாதங்களில் முகம் உருண்டு வீங்கியது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. மருத்துவர் வினவியபோது, "வேறு மருந்து எதுவும் இல்லை" என்றார் பெரியவர். மருமகள்தான் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று ஐயுற்றார் மருத்துவர்.

டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சில மில்லிகிராம் கலந்தாலே வலி அடங்கிவிடும். கண்ணோ நாவோ அதை அறியா. ஆய்வுக்கூடத்தில் பொடியைக் கரைத்து, குரோமட்டோகிராபி என்னும் முறையால் அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து, மூலக்கூறின் எடையை அளந்தே கண்டுபிடிக்கிறார்கள். மோசடிக்காரர்களோ மூலக்கூறைச் சற்றே மாற்றிச் சோதனைக்குத் தப்ப முயல்கிறார்கள்.

இதன் கொடுமைக்குச் சிங்கப்பூர் ஒரு சான்று. 2008 ஜனவரி முதல் மே வரை, நீரிழிவு நோய் இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்த நிலையில் அங்குள்ள ஐந்து பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தபோது, 127 பேரிடம் கிளிபென்கிளமைடு என்னும் நீரிழிவு மருந்து காணப்பட்டது. ஆண்மைக் குறைவுக்கெனச் சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஒரு போலி மாத்திரையிலும், மூன்று மூலிகைத் தயாரிப்புகளிலும் அது கலந்திருந்தது. எழுவர் நினைவு திரும்பாமல் கிடந்தனர், நால்வர் மாண்டனர். அத்தகைய மருந்தை உட்கொண்டதாக ஒப்புக்கொண்டவர்களோ 45 பேர் மட்டுமே!

சிந்தித்துப் பாருங்கள். விற்றவன் மருந்தை மறைத்தான். உண்டவரோ உண்டதை மறைத்தார். முதல் மறைப்பு பேராசையால் வந்தது. இரண்டாவது வெட்கத்தால் வந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே மருத்துவர் இருளில் தடுமாறினார்.

யூனானியையும் சித்த மருத்துவத்தையும் நான் குறை கூறவில்லை. தகுதி பெற்ற ஹக்கீமிடம் செல்லுங்கள். தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்தை வீட்டுக்குள் அனுமதியாதீர்கள். நாட்பட்ட நோய் ஓரிரு நாளில் பறந்தோடினால், மகிழுமுன் ஐயுறுங்கள். ஸ்டீராய்டு கலப்பு என்று ஐயம் எழுந்தால், நெடுநாள் உண்டதைத் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. உடல் தனக்குத் தேவையான ஹார்மோனைச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும். உடனே பொட்டலத்துடன் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் சொற்படி படிப்படியாகக் குறையுங்கள்.

விற்பவனின் மறைப்பை நீக்க அரசும் ஆய்வுக்கூடமும் வேண்டும். நம் மறைப்பை நீக்க நமது நாவே போதும். எங்கள் பெரியவர் இன்று மீண்டும் நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார். ஆயினும் நலமாக இருக்கிறார். அந்த மருமகளின் துணிவுக்கு நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.