ஸ்டியரிங் இழுக்கிறதா, நடுங்குகிறதா?

அடுப்படிக்காரிக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே!

போன மாதம் பேரனுக்குத் தடுப்பூசி போட, கவுஞ்சியிலிருந்து கொடைக்கானலுக்கு எங்கள் பழைய காரில் கிளம்பினோம். மன்னவனூர் தாண்டியதும், "ஸ்டியரிங் இடப்பக்கமே இழுக்குதே" என்றார் என் வீட்டுக்காரர். ஒரு டயரில் காற்று குறைந்தாலும் இழுக்கும்தான். ஆனால் முந்தின நாள்தான் இரண்டு பக்கமும் சமமாக அடித்திருந்தோம். எனக்கோ துணி கருகின மாதிரி ஒரு வாடை. "நிறுத்துங்க, மடியில பிள்ளை இருக்கு" என்றேன்.

இறங்கி, முன்சக்கரங்களைத் தொடாமல் கிட்டத்தில் புறங்கையைக் காட்டினேன். வலப்பக்கம் வெதுவெதுப்பு, இடப்பக்கம் தோசைக்கல்! பெடலை விட்டபிறகும் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு பஸ்ஸில் போனோம். மெக்கானிக் பிரித்தபோது வீல் சிலிண்டர் துருவேறி இறுகிக் கிடந்தது.

நடுக்கம் வேறு கதை. வத்தலக்குண்டு பக்கம் சமவெளியில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் கை அதிர்ந்தால் வீல் பாலன்ஸ் பார்க்கணும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிரம்மோ டிஸ்கோ கோணியிருக்கும். பூண்டுக் காட்டுச் சேறு ரிம்முக்கு உட்பக்கம் காய்ந்து ஒட்டியிருந்தாலும் ஆடும். சக்கரம் ஆறினபிறகு கழுவிப் பாருங்கள், காசு செலவில்லை. மெதுவாகப் போகும்போதே லொடலொடவென்று ஆடினால் டைராடு எண்டு தேய்ந்திருக்கலாம். அந்த வண்டியோடு மலை இறங்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.