பதிவேட்டில் இல்லாத வாயில்

வீட்டுக்கு எத்தனை வாயில்கள் உண்டென அறியாதவர், எல்லாக் கதவுகளையும் பூட்டிவிட்டோமென்று நிம்மதியாய் உறங்குவதெங்ஙனம்? கணினிகள் நிரைநிரையாய் நிற்கும் தரவு நிலையங்களைக் காப்போர்க்கும் இக்கேள்வி உண்டு.

அமெரிக்காவின் ஈக்குவிபாக்ஸ் நிறுவனம் கோடிக்கணக்கான மக்களின் கடன் விவரங்களைப் பேணுவது. அங்கு இயங்கிய ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்னும் மென்பொருளில் பெருங் குறையொன்று உண்டென 2017 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. திருத்தமும் உடன் வெளியாயிற்று. 48 மணி நேரத்துள் திருத்துமாறு நிறுவனத்துள்ளும் பணிப்புரை பிறந்தது. ஆயின், அம்மென்பொருள் எந்தெந்தக் கணினியில் உள்ளதெனக் காட்டும் முழுமையான பதிவேடு அவர்களிடம் இல்லை. வாடிக்கையாளர் முறைப்பாடுகளை ஏற்கும் பழைய தளமொன்று திருத்தப்படாமலே கிடந்தது. மே மாதம் அதன் வழியே புகுந்த கள்வர் 76 நாள் உள்ளிருந்தனர். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விவரங்கள் பறிபோயின.

மருந்து கையிலிருந்தும், நோயுற்ற இடம் தெரியவில்லை! இன்ன இயந்திரம், இன்ன மென்பொருள், இன்ன பதிப்பு, பொறுப்பாளர் இன்னாரென எழுதிவைத்தல் வேண்டும். மாற்றம் நேருந்தோறும் ஏட்டையும் திருத்துதல் வேண்டும். கணினி கற்கும் மாணவர்கள் இதனைச் சிறு பணியென எண்ணலாகாது. இருப்பதை அறியாதவர் அதனைக் காத்தலும் அரிதென்பதை நாம் மறவாதிருப்போமாக.