ஃபார்மேட் என்னும் சர்வரோக நிவாரணி

ராஜபாளையத்திலாகட்டும், ஸ்ரீவில்லிபுத்தூரிலாகட்டும், ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று மந்தித்துப்போய், சிறிய கோப்பு ஒன்றைத் திறப்பதற்கும் நிமிஷக் கணக்கில் விழித்துக்கொண்டு நின்று, இடையிடையே நீலத் திரையைக் காட்டி அடங்கிவிடுமானால், அதற்கு நேர்ந்தது இன்னதென்று எவரும் விசாரிப்பதற்கு முன்பாகவே, செய்ய வேண்டியது இன்னதென்று எல்லாரும் ஏகமனதாகச் சொல்லிவிடுகிறார்கள். "ஒரு ஃபார்மேட் போட்டாச் சரியாப்போயிரும், அண்ணாச்சி" என்ற அந்தத் தீர்ப்பை வழங்குபவர் சர்வீஸ் கடைக்காரராக இருக்கலாம். கல்லூரியில் படிக்கும் அக்காள் மகனாக இருக்கலாம். எப்போதோ ஒரு டிப்ளமோ வாங்கிய பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். யாராயினும், சொல்லும் தோரணையில் ஐயத்தின் சாயல்கூட இருப்பதில்லை. இது பயனற்ற நம்பிக்கையாக மட்டும் இருந்தால் இதைப் பொருட்படுத்தி எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஹார்ட் டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கும் சமயத்தில் இந்த நம்பிக்கை நேராக நாசத்தை விளைவிக்கிறது. மீட்டிருக்கக்கூடியதை மீட்க முடியாததாகச் செய்வது பெரும்பாலும் பழுதன்று, இந்தப் பரிகாரமே. இதுதான் நான் சுமத்தும் குற்றம்.

நியாயம் பேசுவதென்றால், இந்த அபிப்பிராயம் ஆகாயத்திலிருந்து விழுந்துவிடவில்லை. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி நம் ஊர்களில் வெகுகாலம் கோலோச்சியது. பிரவுசிங் சென்டரிலிருந்து பென் டிரைவில் ஏறிவந்த வைரஸ்கள் வீட்டுக்கு வீடு பரவின. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின்னர், கம்ப்யூட்டரையே கண்டிராத வீடுகளிலும் அது வந்து அமர்ந்தது. 2012-இல் நாளெல்லாம் மின்சாரம் போய்ப் போய் வந்த காலத்தில், எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் பாதியில் அறுந்து, கோப்புகளின் அட்டவணையே குழம்பிப்போயிற்று. இத்தனை சங்கடங்களிலும் கெட்டுப்போயிருந்தது டிஸ்கின் மேல் எழுதப்பட்டிருந்த எழுத்தே தவிர, டிஸ்க் அன்று. எழுத்தை அழித்துப் புதிதாக எழுதினால் அவை யாவும் தீரக்கூடியவையே, தீரவும் தீர்ந்தன. நூறு தடவை பலித்த உபாயம் நூற்றோராவது தடவையும் பலிக்கும் என்று ஜனங்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் நூற்றோராவது தடவை கெட்டது வேறொன்று என்பதைக் கவனிக்க வேண்டிய கடமை, காசு வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறப்பவருக்கு உண்டு.

ஹார்ட் டிஸ்க் என்பது ஒரு யந்திரம். கம்ப்யூட்டருக்குள் காற்றாடியையும் டி.வி.டி. டிரைவையும் நீக்கினால், உண்மையாகவே சுழன்று தேயும் உறுப்பு அது ஒன்றுதான். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் உலகுக்கு அறிமுகம் செய்த முதல் டிஸ்க், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கி, ஒரு பெரிய அலமாரி அளவுக்கு இடத்தை அடைத்துக்கொண்டும், 50 லட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்று உள்ளங்கையில் அடங்கும் டிஸ்கில் தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 தடவையோ 7,200 தடவையோ சுழல, அவற்றைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், அது கிளப்பும் காற்றின் மேலேயே ஒரு சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. மனிதனுடைய தலைமயிரின் கனம் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைவுபடுத்திக்கொண்டால், அந்த இடைவெளியின் சூட்சுமம் விளங்கும். கீழே விழுந்த அதிர்ச்சியாலோ, வயதினாலோ, அந்த முனை தட்டை ஒருமுறை உரசிவிடுமானால், உரசலில் பெயர்ந்த துகள் உள்ளேயே சுற்றிச் சுற்றி வேறிடங்களையும் கீறத் தொடங்குகிறது. அதற்குப் பின் அந்த டிஸ்க் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும், அதில் எஞ்சியிருப்பதிலிருந்து கழிக்கப்படும் நேரமே.

இத்தகைய டிஸ்கின்மேல் ஃபார்மேட் என்ன செய்கிறது? குயிக் ஃபார்மேட் என்பது கோப்புகளின் அட்டவணையை மட்டும் அழித்து வெற்று அட்டவணை ஒன்றை எழுதுகிறது. கீறலை அது அறியவும் அறியாது. முழு ஃபார்மேட்டோ, விண்டோஸ் விஸ்டா வந்த காலம் முதற்கொண்டு, டிஸ்கின் ஒவ்வோர் இடத்திலும் பூஜ்யத்தை எழுதிக்கொண்டு போகிறது. அதற்குப் பின் உலகத்து நிபுணர் யாவரும் கூடினாலும் பழைய எழுத்து வராது. ஆரோக்கியமான ஒரு டெராபைட் டிஸ்கில் இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும் அந்த வேலை, நொந்த டிஸ்கில் இராப்பகலாக நடந்து, மிச்சமிருந்த உயிரையும் வாங்கிவிடுவதுண்டு. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் நிறுவிய ராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து, மில்லின் சங்கொலியைக் கேட்டே பொழுதறிந்து வளர்ந்த ஊர் ராஜபாளையம். அங்கே நூற்பு யந்திரத்தில் ஒரு கதிர் கிறீச்சிட்டால், ஃபிட்டர் யந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேரிங்கைப் பார்ப்பாரேயன்றி, உற்பத்திப் பதிவேட்டைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதுப் பதிவேட்டில் பிள்ளையார் சுழி போட மாட்டார். அதே ஃபிட்டர் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் கிறீச்சிடும்போது பதிவேட்டைக் கிழிக்கச் சம்மதிக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

"ஃபார்மேட் போட்ட பிறகு நன்றாகத்தானே ஓடியது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓடியது மெய்தான், அது ஏன் ஓடியது என்பதில்தான் சூது அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு டிஸ்கிலும், கெட்ட இடங்களுக்குப் பதிலாக எடுத்துக்கொள்வதற்கென்று சில இடங்களைத் தயாரிப்பாளர் ஒதுக்கி வைத்திருக்கிறார். ஓரிடத்தைப் படிக்க முடியாமற்போனால், டிஸ்க் அதை உடனே கைவிடுவதில்லை. எப்படியாவது படிக்க வேண்டுமே என்று திரும்பத் திரும்ப முயன்றுகொண்டு, அந்த இடத்தைப் பெண்டிங் கணக்கில் வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு நிற்பது அந்த முயற்சியினால்தான். முழு ஃபார்மேட் வந்து அதே இடத்தில் புதிதாக எழுத முற்படும்போது, பழைய எழுத்தைக் காக்கும் பொறுப்பு டிஸ்குக்கு நீங்கிவிடுகிறது; எழுத முடிந்தால் எழுதிக்கொள்கிறது, முடியாவிட்டால் ஒதுக்கிய இடத்துக்கு மாற்றிவிட்டு நிம்மதியடைகிறது. பெண்டிங் கணக்கும் பூஜ்யமாகிவிடுகிறது. வேகம் வந்துவிட்டது என்று வீட்டுக்காரர் மகிழ்கிறார். வந்த வேகத்துக்கு விலையாகக் கொடுத்தது, படிக்கப்படக் காத்திருந்த அந்தக் கோப்பை. சில வாரங்கள் கழித்து அதே டிஸ்க் அடியோடு ஓய்ந்துபோகும்போது, அதைப் பழைய நோயின் தொடர்ச்சி என்று யாரும் சொல்வதில்லை. இது வேறு பிரச்சினை என்று புதிதாக ஒரு பில் போடப்படுகிறது.

இது ஊகமன்று. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர் மூவர், தங்கள் நிறுவனத்தில் ஓடிய 1,00,000-க்கு மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழையைக் காட்டிய டிஸ்க், அத்தகைய பிழை காட்டாத டிஸ்கைவிட, அடுத்த 60 நாள்களுக்குள் செத்துப்போவதற்கான வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஒன்றிரண்டு பேட் செக்டாரோடு, அதாவது கெட்ட இடத்தோடு, ஆண்டுக்கணக்கில் உழைத்த டிஸ்குகளும் உண்டு. மின்சாரம் எழுத்தின் நடுவே அறுந்ததால் மட்டும் தோன்றும் பிழையும் உண்டு. ஆகவே முதல் பிழையைக் கண்டவுடன் டிஸ்கைக் குப்பையில் எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நகல் எடு என்கிறேன், அழிக்காதே என்கிறேன்.

இந்த மூடநம்பிக்கைக்கு ஒரு மகளும் உண்டு. தாயைக் காட்டிலும் பொல்லாதவள். "எல்லாத்தையும் டி டிரைவுலதான் போட்டு வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்பதே அவள் பேச்சு. சி டிரைவை ஃபார்மேட் செய்யும்போது டி டிரைவு பிழைத்துக்கொள்வதைப் பலமுறை கண்ட அனுபவத்திலிருந்து, டி டிரைவு என்பது ஏதோ வேறொரு பெட்டகம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஒரு டிஸ்க் மட்டுமுள்ள கம்ப்யூட்டரில், சி-யும் டி-யும் அதே தட்டுகளின்மேல் கிழிக்கப்பட்ட எல்லைக் கோடுகளே. அதே மோட்டார், அதே முனை. சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி நெய்விப்பவரின் டாலி கணக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவரின் ஆவணி முகூர்த்தப் படங்களும், இந்த ஒரே நம்பிக்கையின்மேல் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. முனை விழும் நாளில் அது எழுத்துப் பார்த்து விழுவதில்லை.

பாதுகாக்க வேண்டியதைப் பரிகாரத்தின் பெயரால் அழிப்பது இந்தப் பிரதேசத்துக்குப் புதிய சங்கதியும் அன்று. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. பாண்டிய மன்னர் ஒருவருடைய புத்தகசாலையைச் சேர்ந்த ஏடுகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆவலோடு போன உ. வே. சாமிநாதையருக்கு, சிதிலமான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமம் சொல்வதாகவும், அப்படியே செய்துவிட்டதாகவும் பதில் கிடைத்தது என்பதை 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைச் செய்தவர்கள் துஷ்டர்கள் அல்லர். முறைப்படி செய்ததாகவே மனப்பூர்வமாக நம்பினார்கள். சிதிலமான ஏட்டுக்கு உரிய கிரியை பிரதி செய்வது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து ஐயர் வந்து சேரும் வரையிலாவது அந்த ஏடுகளைச் சும்மா விட்டிருந்தால், எத்தனை நூல்களின் பேராவது மிஞ்சியிருக்குமோ!

சரி, செய்ய வேண்டியதுதான் என்ன? முதலில், குற்றவாளி டிஸ்க்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பைக் காணலாம். அதில் 05 என்ற வரி இடம் மாற்றப்பட்ட செக்டார்களின் கணக்கு. சி5 பெண்டிங் கணக்கு. சி6 திருத்த முடியாதவற்றின் கணக்கு. இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்தான் நோயாளி. சி7 மட்டும் ஏறுமானால் பெரும்பாலும் பழி, டிஸ்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிளைச் சேர்ந்தது. அற்ப விலையில் கேபிளை மாற்றித் தீரக்கூடிய குறைக்காகத் தங்கள் சர்வஸ்வத்தையும் அழித்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. குறிப்பு சுத்தமாக இருக்கிறதென்றும் இறுமாந்துவிடக் கூடாது. மேற்சொன்ன ஆய்விலேயே, செத்த டிஸ்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, மிக வலுவான அறிகுறிகள் என்று கருதப்பட்ட நான்கில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன.

டிஸ்க்தான் என்று தெரிந்துவிட்டால், அதிலிருந்து விண்டோஸைக் கிளப்புவதையே நிறுத்திவிட வேண்டும்; ஏனெனில் விண்டோஸ், நாம் ஒன்றும் செய்யாதிருக்கும்போதும், தன்பாட்டுக்கு எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். பென் டிரைவில் ஏற்றிய லினக்ஸிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, அதே அளவோ பெரிதோ ஆன வேறொரு டிஸ்கை இணைத்து, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு நகல் எடுப்பதே உத்தமம். அந்தக் கருவியின் சாமர்த்தியம் எதில் இருக்கிறதென்றால், படிக்க முடிகிற இடங்களையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியிலேதான் அவற்றிடம் திரும்பி வருகிறது. இடையில் டிஸ்க் இறந்தாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். சாதாரணமாக இழுத்துப் போட்டு நகல் எடுப்பவர், முதல் கெட்ட செக்டாரிலேயே முட்டிக்கொண்டு, டிஸ்கின் கடைசி மூச்சை அங்கேயே செலவிட்டுவிடுகிறார். செக் டிஸ்க் கட்டளையும் அப்படிப்பட்ட ஒரு வினைதான். அட்டவணையைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு அது டிஸ்கின்மேல் எழுதுகிறது. அதை நகலின்மேல் ஓட்டிப் பார்க்கலாம், மூலத்தின்மேல் ஓட்டக் கூடாது. உள்ளேயிருந்து டிக் டிக்கென்று தட்டும் ஓசையோ, கிறீச்சென்ற உரசலோ கேட்டால், டிடிரெஸ்க்யூவும் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதா, போனது போகட்டும் என்று விடுவதா என்று வீட்டில் கூடிப் பேச வேண்டும். டிஸ்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரீசரில் வைக்கும் வைத்தியத்தை யாரேனும் சொன்னால், வெளியே எடுத்தவுடன் தட்டுகளின்மேல் பூக்கும் ஈரத்தைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.

இதற்கெல்லாம் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்க வேண்டுமே, ஏழைக் குடும்பம் எங்கே போகும் என்ற ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஃபார்மேட்டுக்குக் கொடுக்கும் கூலியும், சில வாரத்தில் எப்படியும் வாங்கப்போகும் புது டிஸ்கின் விலையும் அந்தக் குடும்பம்தான் கொடுக்கிறது. கொடுக்கும் வரிசையை மாற்றினால், அதே பணத்துக்குப் படங்களும் கணக்கும் மிஞ்சும். கடைக்காரரையும் நான் மோசக்காரர் என்று சொல்லமாட்டேன்; ஃபார்மேட் அவருக்கு மாலைக்குள் முடிகிற வேலை, நகல் எடுப்பதோ எத்தனை நாள் இழுக்கும் என்று சொல்ல முடியாத வேலை. அதற்கு உரிய கூலியைத் தாராளமாகக் கேட்கட்டும். கேட்காமல் அழிப்பதைத்தான் கண்டிக்கிறேன்.

தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வந்துவிட்டதே, சுழலும் தட்டுகளின் கதை இனி எதற்கு என்பாரும் உண்டு. எஸ்.எஸ்.டி.யில் தட்டும் ஓசை இல்லை. முன்னறிவிப்பே இல்லாமல் ஒருநாள் கம்ப்யூட்டருக்கு அது தெரியாமலே போய்விடுவதுண்டு. ஃபார்மேட் செய்த மாத்திரத்தில், இந்த இடங்கள் இனித் தேவையில்லை என்ற கட்டளை அதற்குப் போய்விடுவதால், சுழலும் டிஸ்கில் குயிக் ஃபார்மேட்டுக்குப் பிறகும் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் முதலிய கருவிகளால் கோப்புகளைத் தோண்டி எடுக்க இருந்த வழி, இதில் அநேகமாக அடைபட்டுவிடுகிறது. பழைய டிஸ்க் மன்னித்த பிழையை இது மன்னிக்காது.

ஃபார்மேட்டுக்கு உலகத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. நகல் எடுத்து, நகலைத் திறந்து பார்த்து, வேண்டியவை யாவும் வந்துவிட்டன என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, பழைய டிஸ்கை விற்கவோ காயலான் கடைக்குப் போடவோ உத்தேசித்தால், அப்போது முழு ஃபார்மேட் தாராளமாகப் போடலாம். போடவும் வேண்டும், வீட்டுப் பத்திரங்களும் ஆதார் நகலும் அந்நியர் கைக்குப் போகாதிருப்பதற்காக. ஃபார்மேட்டை ஏற்கும் தெம்புகூட இல்லாத டிஸ்காக இருந்தால், மூடியைக் கழற்றித் தட்டுகளைச் சுத்தியலால் நசுக்கிவிட்டுப் போடுவது போதும்.