ஒரு மாத ஆசிரியர்கள்

மேலூர்ப் பக்கத்துச் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் கோரிப்பாளையத்தில் என்னைச் சந்தித்தார். பி.எட். முடித்தவர், கணிதம் நன்றாகச் சொல்லித் தருகிறவர். "ஹஜ்ரத், காக்ஸ் பஜார் முகாமுக்குப் போய் ரோஹிங்யாப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பாடம் நடத்தலாம்னு இருக்கேன். விமானக் கட்டணத்துக்கு ஜுமுஆவிலே ஒரு வசூல் சொல்வீங்களா?" என்றார்.

நிய்யத் நல்ல நிய்யத். ஆனால் நான் கேட்டது ஒரே கேள்விதான். "எந்த மொழியிலே நடத்துவீங்க தம்பி?"

ஆங்கிலத்தில் என்றார். அங்கேதான் சிக்கல்! 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யாக்கள் வங்காளதேசத்துக்கு ஓடி வந்தார்கள். பிள்ளைகள் வீட்டில் பேசுவது ரோஹிங்யா மொழி. 2021 முதல் மூங்கில் கொட்டகைகளில் நடத்தப்படுவதோ பர்மிய மொழியில் அமைந்த மியன்மார் பாடத்திட்டம். நம் தம்பிக்கு இரண்டும் தெரியாது. அனுமதியில்லாமல் வெளியார் முகாமுக்குள் நுழையவும் முடியாது.

சரி, அங்கே ஆசிரியர்களே இல்லையா? இருந்தார்கள், இருக்கிறார்கள்! அகதிகளே தங்கள் பிள்ளைகளுக்காகச் சொந்தமாகப் பள்ளி நடத்தினார்கள். 2021 டிசம்பரில் அதிகாரிகள் அவற்றை மூட உத்தரவிட்டார்கள். 2025 ஜூனில் யுனிசெப்பிடம் நிதி இல்லாமற்போனதால் வங்காளதேச ஆசிரியர்கள் 1,100 பேருக்கும் மேல் வேலை இழந்தார்கள். கற்பிக்கத் தெரிந்தவர்கள் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க, மொழி தெரியாத ஒருவரை மதுரையிலிருந்து விமானமேற்றி அனுப்புவது என்ன கணக்கு?

நமக்கு நெருக்கமான ஓர் ஊரைச் சொல்கிறேன். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட இலங்கை முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெறுங்கையோடு கிளம்பினார்கள். பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தது யார்? வெளிநாட்டிலிருந்து வந்த எவருமல்ல. அதே கூட்டத்தில் அடித்து விரட்டப்பட்டு வந்த ஆசிரியர்களும், உள்ளூர்ப் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு பிற்பகலில் வகுப்பறையைத் திறந்துவிட்ட புத்தளத்துப் பள்ளிகளும்தான்.

இலங்கையில் 'தொண்டர் ஆசிரியர்' என்றொரு சொல் உண்டு. போரின்போது வடக்கிலும் கிழக்கிலும் ஆளில்லாத பள்ளிகளைத் தாங்கிப் பிடித்தவர்கள் இவர்கள். சம்பளம் இல்லை, அல்லது பெயருக்கு ஏதோ ஒரு தொகை. அப்படியே வருடக்கணக்கில் உழைத்துவிட்டு, நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் போய் வருகிறவருக்கு ஊர் திரும்பியதும் மேடையும் சால்வையும் கிடைக்கிறது. (பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். அவர்கள் காட்சிப் பொருளா?) பத்து வருடம் நின்றவருக்கு நியமனக் கடிதத்துக்கே போராட்டம்!

அப்படியானால் போகவே கூடாதா என்று தம்பி முகம் வாடினார். போகலாம். நபிகள் நாயகம் (ஸல்) முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை மதீனாவுக்கு ஆசிரியராகத்தான் அனுப்பினார்கள். அவர் அங்குள்ளவரின் வீட்டில் தங்கி, அவர்கள் மொழியிலேயே பேசி, ஏறத்தாழ ஒரு வருடம் கற்பித்தார். அங்கிருந்தவர்கள் கேட்டுத்தான் அவர் போனார். நாம் போவதற்கு யார் கேட்டார்கள்?

தமிழில் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் வேண்டுமென்றால் இலங்கை மலையகத் தோட்டப் பள்ளிகள் இருக்கின்றன. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் பற்றாக்குறை அங்கே பழைய குறை. ஆனால் தமிழ்தானே என்று அலட்சியமாகப் போய் நிற்க முடியாது. நாம் வேதியியல் என்பதை அவர்கள் இரசாயனவியல் என்கிறார்கள். நம் இயற்பியல் அவர்களுக்குப் பௌதிகவியல். கணிதத்தில் நாம் அணி என்பது அவர்களுக்குத் தாயம். சாதாரணதரப் பரீட்சை அவர்கள் புத்தகத்தின்படிதான் நடக்கும். இதையெல்லாம் இங்கேயே உட்கார்ந்து படித்துக்கொள்ள வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யக் கூடாது. பள்ளியின் அழைப்பும் அரசின் அனுமதியும் வேண்டும். குறைந்தது ஒரு தவணை முழுதும் தங்க வேண்டும். உள்ளூர் ஆசிரியரின் நாற்காலியில் உட்காராமல், அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அங்கே பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் அல்லவா? இலவசமாக வந்து நிற்கும் வெளியூர்க்காரரைக் காட்டி அவர்கள் நியமனத்தைத் தள்ளிப்போட இடம் கொடுத்துவிடக் கூடாது.

வசூல் விஷயத்தில் நான் தம்பியிடம் ஒளிக்கவில்லை. விமானக் கட்டணத்துக்கு மிம்பரில் நின்று கேட்க மாட்டேன். அங்கே ஏற்கெனவே நின்று கற்பிக்கிற ஒரு தொண்டர் ஆசிரியருக்கு ஒரு வருட உதவித்தொகை, அரசு விதிப்படி அனுப்ப வழி இருந்தால், அதற்குக் கேட்பேன். தம்பி போவது அதற்குப் பிறகு, அந்த ஆசிரியர் "வாருங்கள்" என்று எழுதினால்.

அவர் கோபித்துக்கொண்டு போனார் என்றுதான் நினைத்தேன். போன வியாழக்கிழமை மஃரிபுக்குப் பிறகு மறுபடியும் வந்தார். இலங்கைப் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.