பேசி முடிப்பதா நியாயம்?



குடோனுக்குள் லாரி பின்னால் வருகிறது. "வா, வா" என்று கை காட்டும் லோடுமேன் டிரைவரின் கண்ணாடியில் தெரியவில்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் உயிர் நசுங்குகிறது. மண்டியிலும் மரக்கடையிலும் தோல் தொழிற்சாலையிலும் நடப்பது இதுதான். பொழுது சாய்வதற்குள் ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். ஒரு சிறு தொகை, ஒரு வெள்ளைத்தாள், விதவையின் கைரேகை... விவகாரம் முடிந்ததாம்!

முடிந்துவிட்டதா? சிந்தியுங்கள்!

ஏழைக்குடும்பம் கோர்ட்டுக்கு அலையக்கூடாது என்ற பெரியவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித்தரும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. மரண நஷ்டஈட்டை அதிகாரியிடம்தான் கட்டவேண்டும்.

தொகை எவ்வளவு தெரியுமா? 2020இல் நிர்ணயித்த 15,000 ரூபாய் சம்பள வரம்பின்படி, அந்தச் சம்பளம் வாங்கிய 30 வதுக்காரரின் உயிருக்கு 15 லட்சத்துக்கும் மேல்! பேசி முடித்த தொகை எங்கே, இது எங்கே?

வணிகப் பெருமக்களே! "அவன் கவனமாக இல்லை" என்பது இறந்தவரின் குடும்பத்துக்கு மறுப்புச் சொல்லக் காரணமாகாது. "காண்ட்ராக்டரின் ஆள்" என்றும் தப்பமுடியாது; உங்கள் தொழிலுக்கான வேலையென்றால் முதலில் நீங்கள் கொடுத்துவிட்டு, பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலிக்கலாம். லாரி இன்ஷூரன்ஸை மட்டும் நம்பாதீர்கள். கட்டாய இன்ஷூரன்ஸ் பொது இடத்தில் ஓடும் வண்டிக்கானது. உங்கள் கேட்டுக்குள் நடந்தால் தகராறுக்கு இடமுண்டு. தொழிலாளியை இ.எஸ்.ஐ.யில் சேருங்கள், அதற்கு வழியில்லையெனில் தனிப் பாலிசி எடுங்கள்.

அதைவிட முக்கியம், விபத்தைத் தடுப்பது. ஆள் நடக்கத் தனிப்பாதை விடுங்கள். கை காட்டுபவர் வண்டிக்குப் பின்னால் அல்ல, டிரைவர் கண்ணில் படும்படி பக்கவாட்டில் நிற்கட்டும். அவர் மறைந்தால் வண்டி நிற்கவேண்டும். இதற்குச் செலவு என்ன?

இளைஞர்களே! இங்கோ வளைகுடாவிலோ, பயிற்சியில்லாமல் ஃபோர்க்லிஃப்டில் ஏறாதீர்கள். சுமையை உயர்த்தியபடி திருப்பினால் வண்டி கவிழும். கவிழும்போது குதிப்பவர்தான் அதனடியில் சிக்குகிறார். பெல்ட் போட்டு இருக்கையிலேயே இருங்கள்.

பெரியவர்களே! அடுத்தமுறை கைரேகை வாங்காதீர்கள். அந்தக் குடும்பத்தைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று மனு எழுதிக் கொடுங்கள். அதுவே நியாயம்!