"பைல் போட்டிருக்கோம் சார்": இதை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீங்க



கார்த்திகை தீபத்துக்கு திருவண்ணாமலை வீட்டுக்குப் போயிருந்தப்போ, சென்னையில ஐடி வேலை பார்க்கிற சித்தப்பா பையன் ஒரு பிரோஷரோட வந்தான். பள்ளிக்கரணை பக்கம் ஃபிளாட், 20 வருஷ லோன். "தாழ்வான இடம்தான் அண்ணா. ஆனா மண்ணு கொட்டி உயர்த்தி, பைல் போட்டுத்தான் கட்டுறாங்க. பயமில்லைல?"

நம்ம ஊர்ல மலையடிவாரத்துல கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். அதனால கெட்டித் தரை வரைக்கும் ஆழமா இறக்குற கான்கிரீட் தூணான பைல் நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. நான் சி.ஏ., இன்ஜினியர் இல்லை. ஆனா அவன் சொன்னதுல "மண்ணு கொட்டி உயர்த்தி"ங்கிற இடத்துல எனக்கு உறுத்துச்சு.

கணக்கு போடுவோம். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடியில 5 அடி உயரத்துக்கு மண் கொட்டினா, எடை சுமார் 600 டன். கீழே இருக்கிறது ஈரக் களிமண்ணுன்னா, அந்தப் பாரத்துல அதுல உள்ள தண்ணி மெதுவா வெளியேறும், மண் அமுங்கும். இது முடிய பல வருஷம் ஆகலாம்.

சாதாரணமா பக்கத்து மண் பைலைத் தாங்கிப் பிடிக்கும். ஆனா மண்ணே கீழே இறங்கினா, பைலையும் சேர்த்துக் கீழே இழுக்கும். இதுக்கு நெகட்டிவ் ஸ்கின் ஃபிரிக்‌ஷன்னு பேரு. சம்பளம் அதேதான், உங்களைக் கேக்காமலே புதுசா ஒரு ஆட்டோ டெபிட் சேர்ந்த மாதிரி. பைல்கள் கூட்டமா நிக்கும்போது எல்லாத்துக்கும் ஒரே இழுவை கிடையாது. ஓரத்துல, குறிப்பா மூலையில நிக்கிற பைலுக்கு அதிகம், நடுவுல உள்ளதுக்குக் குறைவு. டிசைன்ல இதைக் கணக்கெடுக்கலைன்னா கட்டடம் ஒரு பக்கமா இறங்கி விரிசல் விடலாம்.

பைல் உறுதியா நின்னாலும் சுத்தியுள்ள தரை இறங்கும். மெக்சிகோ சிட்டி பழைய ஏரிப்படுகை மேல இருக்கிற ஊர். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச அங்க களிமண் அமுங்கிக்கிட்டே இருக்கு. 1910-ல பைல் மேல கட்டின சுதந்திர தேவதை நினைவுச்சின்னத்துக்கு, சுத்தியுள்ள தரை இறங்கிப் போனதால பின்னாடி 14 படி கூடுதலா கட்ட வேண்டியதாச்சு. உங்க அபார்ட்மென்ட்ல இது நடந்தா முதல்ல உடையறது வாசப்படியும், டிரெயினேஜ் பைப்பும்தான்.

இனி பணத்துக்கு வருவோம். ரெரா சட்டம் பிரிவு 14(3)-படி, சாவி வாங்கின நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறைபாட்டைச் சொன்னா, பில்டர் இலவசமா சரி செய்யணும். களிமண்ணு அஞ்சு வருஷத்தோட நிக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. சரி, இன்ஷூரன்ஸ்? பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில நிலம் அமிழ்றதுக்கு கவர் உண்டு. ஆனா கொட்டி நிரப்பின மண் அமுங்கறது, புதுக் கட்டடம் இயல்பா படியறது, தப்பான டிசைன் இதெல்லாம் விலக்கு. ஆறாவது வருஷத்துல இருந்து செலவு உங்களோடது, மிச்சம் இருக்கிற இஎம்ஐயும் உங்களோடது.

அதனால பைல்ங்கறதை பிளஸ் பாயின்ட்டா பார்க்காதீங்க. கேள்வி கேக்க ஆரம்பிக்க வேண்டிய இடமா பாருங்க. எழுத்துல கேளுங்க:

1. மண் பரிசோதனை ரிப்போர்ட் நகல் கிடைக்குமா? களிமண் எத்தனை மீட்டர்?
2. எவ்வளவு உயரம் மண் கொட்டினீங்க, எப்போ?
3. ஐஎஸ் 2911 தரப்படி பைல் டிசைன் பண்ணும்போது இந்தக் கீழ் இழுவையைச் சேர்த்தீங்களா?

பதிலை வெளியில ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட காட்டுங்க. ஒரு மாச இஎம்ஐ அளவு ஃபீஸ் ஆனாலும், 240 மாசத்துக்கு முன்னாடி அது சின்னத் தொகைதான்.

தம்பி இந்த மூணையும் மெயில்ல கேட்டான். "எல்லாரும் நம்பித்தான் வாங்குறாங்க சார்"னு போன் வந்துச்சு. ரிப்போர்ட் இன்னும் வரலை, அட்வான்ஸும் இன்னும் போகலை. உங்களுக்கும் இப்படி ஒரு பதில் வந்திருந்தா கமென்ட்ல சொல்லுங்க.