ஒரே சஷ்டி, இரண்டு கூட்டம்

தீபாவளி கழிந்து வரும் சஷ்டியன்று ஒரகடத்தை அடுத்த வல்லக்கோட்டை முருகன் கோயிலில் சூரசம்ஹாரம். பீகாரிகளுக்கு அதே நாள் சட் பூஜை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மறையும் சூரியனுக்கு அர்க்கியம் விடுவார்கள். 2024இல் இரண்டும் நவம்பர் 7. 2025இல் அக்டோபர் 27. இங்குள்ள ஆலைகளில் ஒரே லைனில் வேலை பார்க்கிற இருவர் ஒரே திதியில் விரதமிருக்கிறார்கள். ஒருவர் விரதம் மற்றவருக்குத் தெரிவதில்லை. இத்தனைக்கும் இருவரும் இந்துக்கள். பக்கத்து அறைக்காரரின் ரம்ஜான் நோன்பு பற்றி என்ன தெரிந்திருக்கும்?

மதநல்லிணக்கம் என்றதும் ஒரு குருக்கள், ஒரு பாதிரியார், ஒரு இமாம், மூவருக்கும் பொன்னாடை என்றுதான் நினைப்பு ஓடுகிறது. இந்த ஆலைப் பகுதிக்கு ஒரு சமுதாய வானொலி வந்தால், அதற்கு அந்த மேடை வேண்டாம். இன்று நோன்பு திறக்கும் நேரம் என்ன, சித்திரைத் திருவாதிரையையொட்டி ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் உற்சவம் நடக்கும்போது கம்பெனி பஸ்கள் எந்த வழியாகத் திரும்பும் என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

இப்படியொரு வானொலிக்குச் சட்டம் இடம் கொடுக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். கொடுக்கிறது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் திறந்த கதவு, 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் திறந்தது. நிலையம் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மட்டும் அப்படியே எடுத்துப் போடலாம். ஆனால் உள்ளூர்த் திருவிழா, போக்குவரத்து, வானிலை, மின்தடை, வேலைவாய்ப்பு ஆகியவை செய்திக் கணக்கில் சேராது. சமய நிகழ்ச்சிக்கும் தடையில்லை. பிறர் நம்பிக்கையைப் புண்படுத்தக் கூடாது, பக்தியைச் சுரண்டக் கூடாது என்பதுதான் நிபந்தனை. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும். 100 வாட் ஒலிபரப்பு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டும். மாத்தூர்ப் பக்கம் கோபுரம் நட்டால் ஸ்ரீபெரும்புதூரும் கேட்கும், ஒரகடமும் கேட்கும்.

முன்மாதிரி ஹரியானாவில் இருக்கிறது. 2009இல் தொடங்கிய ‘குர்கான் கி ஆவாஸ்’ சமுதாய வானொலி ஊர்க்காரர்களின் ராகினிப் பாட்டையும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் போஜ்புரிப் பாட்டையும் ஒரே அலைவரிசையில் போடுகிறது. அதனால் குர்கானில் சண்டையே இல்லையா? 2021இல் வெள்ளிக்கிழமைத் தொழுகையைத் திறந்தவெளியில் நடத்துவது பற்றி அங்கே பெரிய தகராறே நடந்தது. தொழ இடம் ஒதுக்குவது நிர்வாகத்தின் பொறுப்பு. வானொலியின் தலையில் அதைக் கட்ட முடியாது. ஆனால் 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரைத் தமிழர்கள் தாக்குவதாகப் பொய்க் காணொலிகள் பரவினவே, அந்த வாரத்தில் “நான் இங்கேதான் இருக்கிறேன், இன்றைக்கும் ஷிப்டுக்குப் போனேன்” என்று இந்தியில் ஒரு பழகிய குரல் தினமும் பேசியிருந்தால், பயந்து ரயிலேறியவர்களில் சிலராவது நின்றிருப்பார்கள். அதற்குச் செய்தி வாசிக்கும் அனுமதி தேவையில்லை. ஒரு தொழிலாளியும் ஒரு மைக்கும் போதும்.

பணம்? 2024இல் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆக்கினார்கள். இத்தனை ஆலைகள் இருக்கிற இடத்தில் அது பெரிய கவலையில்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு விதிதான் முக்கியம்: நிகழ்ச்சிகளை முடிவுசெய்யும் ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இங்கே அந்த இடங்களில் சில, ஆலைகளில் வேலை பார்க்கும் விடுதிப் பெண்களுக்குப் போக வேண்டும், வெளிமாநிலத்துப் பெண்களையும் சேர்த்து. குழுக் கூட்டத்தை ஷிப்டு நேரம் பார்த்து வைக்க வேண்டும். காலை பதினோரு மணிக்கு வைத்தால் அந்த நாற்காலிகளில் ஊர்ப் பிரமுகர்களின் மனைவிமார்தான் உட்கார்ந்திருப்பார்கள்.